ட்ரெஞ்ச் கன் நகலா, இன்றைய பம்ப் சாட்கனா? அமெரிக்காவில் முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் பம்ப் சாட்கன்கள், அதாவது முன்கைப்பிடியை (பம்பை) இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகள், வரிசையாக நிற்கும். அதில் ஒன்று மட்டும் தனியாகக் கண்ணை இழுக்கும். குழலின் மேல் துளை போட்ட இரும்புக் கவசம், முனையில் பயனெட் (துப்பாக்கிக் கத்தி) மாட்டும் கொக்கி, பின்னால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஹேமர் (விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்). முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை பிரான்சுக்குக் கொண்டுபோன வின்செஸ்டர் 1897 ட்ரெஞ்ச் கன்னின் (அகழிப் போர்த் துப்பாக்கியின்) நகல் அது. பெரும்பாலும் சீனாவின் நோரின்கோ செய்ததாக இருக்கும். ஐஏசி, சிமரான் போன்ற இறக்குமதியாளர்களின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் இதைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கலாமா, இல்லை மாஸ்பெர்க், ரெமிங்டன் என்று போய்விடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கப்போவது ஒரே ஒரு சாட்கன் என்றால் நவீனமானதை வாங்குங்கள். இரண்டாவதாக வாங்குகிறீர்கள், அந்தக் காலத்து இயந்திரத்தின் மேல் உண்மையான பிரியம் இருக்கிறது என்றால் நகல் அருமையான பொருள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், எதை எந்த வரிசையில் பார்த்து முடிவெடுப்பது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும்கூட இந்தத் தடைக்குள் வரலாம். குடியேற்ற நிலைமையே ஆட்டம் காணும் விஷயம் என்பதால், இதில் நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை கிடையாது.

அடுத்தது மாநிலச் சட்டம். நம்மவர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில் சாட்கன் வாங்கவே தனி அடையாள அட்டை எடுக்க வேண்டும். இல்லினாய்ஸிலும் அப்படி ஒரு அட்டை உண்டு. கடைக்காரரிடம் சாட்கன் வாங்க மத்தியச் சட்டப்படி 18 வயது போதும். ஆனால் சில மாநிலங்கள் 21 கேட்கின்றன.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கியை மத்தியச் சட்டம் பழம்பொருளாகக் கருதி விலக்கு அளிக்கிறது. 1897 மாடல் என்பதால் நகலுக்கும் அந்த விலக்கு உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது நேற்று செய்த துப்பாக்கிதான். இன்றைய தோட்டாவைச் சுடுகிறது. மாஸ்பெர்க் வாங்க எழுதும் அதே 4473 படிவம், அதே பின்னணிச் சோதனை. குழல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. ட்ரெஞ்ச் கன்னின் குழல் 20 அங்குலம் என்பதால் அதில் சிக்கல் இல்லை.

2. எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்

வீட்டுப் பாதுகாப்பு, பறவை வேட்டை, களிமண் தட்டுச் சுடுதல், கௌபாய் போட்டிகள் (பழைய அமெரிக்க மேற்குப் பாணியில் சுடுபவை), வரலாற்று ஆர்வம். இதில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

கௌபாய் போட்டிகளில் 1900க்கு முந்தைய வடிவமைப்புகளுக்குத்தான் இடம். பம்ப் சாட்கன்களில் 1897, அதன் நகல்கள் போன்ற வெளி ஹேமர் உள்ளவைதான் அங்கே அனுமதிக்கப்படுகின்றன. இந்த இடத்தில் நவீனத் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. போட்டிதான் நோக்கம் என்றால் கவசமும் பயனெட் கொக்கியும் இல்லாத சாதாரண 20 அங்குல 1897 நகலைத் தேடுங்கள். முன்பாரம் குறையும், துடைக்கவும் எளிது. சேரப்போகும் சங்கத்தின் விதிகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வேட்டை, தட்டுச் சுடுதல் இரண்டுக்கும் ட்ரெஞ்ச் கன் பொருந்தாது. நீளக் குழலும் மாற்றிப் போடக்கூடிய சோக்கும் (சிறு குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையைக் குறுக்கும் பாகம்) உள்ள நவீனத் துப்பாக்கிதான் வேண்டும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

உண்மையான போட்டி வீட்டுப் பாதுகாப்பு என்ற இடத்தில்தான் வருகிறது. இது போரில் தன்னை நிரூபித்த துப்பாக்கி, வீட்டுக்குப் போதாதா என்று விற்பவர் சொல்வார். போரில் நிரூபித்தது என்பது உண்மை. அதன் கதையையும் உள்ளமைப்பையும் தெரிந்துகொண்டால் அந்தப் பேச்சு எதுவரை செல்லும் என்பது புரியும்.

3. 1897ஐ உள்ளும் புறமும் தெரிந்துகொள்ளுங்கள்

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது. தனது 1893 மாடலைப் பலப்படுத்தி, புகையில்லாத வெடிமருந்தைத் தாங்கும்படி அவர் செய்த துப்பாக்கி. 1897 முதல் 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். 1917ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அகழிக்குள் நெருக்கத்தில் சண்டையிட ஒரு துப்பாக்கி தேவைப்பட்டது. குழலை 20 அங்குலமாகக் குறைத்தார்கள். 17 அங்குல எம்1917 பயனெட்டை மாட்ட வழி செய்தார்கள். சுட்டுச் சூடான குழலைப் பிடித்துக்கொண்டு பயனெட்டால் குத்த வேண்டியிருக்கும் என்பதால்தான் அந்தத் துளைக் கவசம். அழகுக்காக வைத்ததில்லை.

1918 செப்டம்பரில் ஜெர்மனி இதை எதிர்த்து முறைப்படி புகார் செய்தது. தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்களைத் தடுக்கும் ஹேக் போர் உடன்படிக்கை விதியைச் சாட்கன் மீறுகிறது, இதனுடன் பிடிபடும் வீரர்களுக்கு மரண தண்டனை என்றது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்க மறுத்து, அப்படி நடந்தால் பதிலடி கொடுப்போம் என்று எச்சரித்தார். அந்தத் துப்பாக்கிக்கு இன்றுவரை இருக்கும் மதிப்பில் பாதி இந்தக் கதையிலிருந்து வருகிறது. எனக்கும் அதன் மேல் இருக்கும் பிரியம் அங்கேதான் தொடங்கியது.

ஆனால் அகழியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய தோட்டாக்கள் காகித உறை போட்டவை. சேற்றிலும் மழையிலும் ஊதிப்போய், குழலின் பின்பக்கம் தோட்டா அமரும் அறைக்குள் நுழையாமல் படுத்தின. அதனால்தான் முழுப் பித்தளைத் தோட்டாக்கள் வந்தன. இன்றைய பிளாஸ்டிக் உறைத் தோட்டாவில் இந்தக் கவலை இல்லை.

இனிதான் முக்கியமான பகுதி. புதியவர்கள் இதை இரண்டு முறை படித்தாலும் தவறில்லை.

ஒன்று: இதில் தனியான சேஃப்டி பொத்தான் கிடையாது. ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தும் பாதி நிலைதான் சேஃப்டி. அறையில் தோட்டா இருக்கும்போது முழுதாக இழுத்த ஹேமரைப் பாதி நிலைக்குக் கொண்டுவர, கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்துக்கொண்டே ட்ரிகரை அழுத்தி மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த விரலோ கையுறையோ வழுக்கினால் சுட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் செய்யலாம். இரவில், தூக்கக் கலக்கத்தில், பயத்தில் நடுங்கும் கையோடு செய்யும் வேலை இது அல்ல. நகலை முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு: ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே பம்பை முன்னால் தள்ளினால், அறை மூடியதும் ஹேமர் விழுந்து சுடும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு குண்டு. இதை ஸ்லாம்ஃபயர் என்பார்கள். அகழியில் இதைப் பெரிய வசதியாகப் பேசினார்கள், இன்று பலர் இதற்காகவே வாங்குகிறார்கள். நவீன பம்ப் துப்பாக்கிகளில் இதைத் தடுக்கும் டிஸ்கனெக்டர் உண்டு. ஒவ்வொரு முறையும் ட்ரிகரை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினால்தான் சுடும். பம்ப் செய்யும்போது விரலை ட்ரிகருக்கு வெளியே வைக்கும் பழக்கம் இன்னும் ஊறாதவருக்கு 1897 ஆபத்தானது. தோட்டாக்களை வெளியே எடுக்கவும் வழக்கமாக ஒவ்வொன்றாகப் பம்ப் செய்துதான் எடுக்க வேண்டும் என்பதால், சுடாத நேரத்திலும் இந்த ஆபத்து கூடவே இருக்கும்.

மூன்று: இது கையைக் கடிக்கும். பம்பை இழுக்கும்போது அறையை மூடியிருக்கும் போல்ட் பின்பக்கமாக வெளியே வந்து ஹேமரைச் சாய்க்கும். பிடியில் கட்டைவிரல் மேலே உயர்ந்திருந்தால் தோல் கிழியும். தோட்டாவைத் தூக்கும் கேரியர் அடிப்பக்கமாக வெளியே இறங்கி ஏறும். அங்கே விரல் இருந்தால் நசுங்கும். பழகிவிட்டால் கை தானாக விலகிக்கொள்ளும்.

நான்கு: ஹேமர் விழுந்த பிறகு பூட்டு விடுபட பம்ப் ஒரு நூலளவு முன்னால் போக வேண்டும். உண்மையாகச் சுடும்போது பின்னுதைப்பில் அது தானாக நடந்துவிடும். போலித் தோட்டாவோடு பயிற்சி செய்யும்போது நடக்காது. துப்பாக்கி மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பம்பை வலுவாக இழுக்காதீர்கள். லேசாக முன்னால் தள்ளி, அப்புறம் இழுங்கள்.

4. மாற்று என்னென்ன

மாஸ்பெர்க் 590 வகையைத்தான் நான் முதலில் கைகாட்டுவேன். சேஃப்டி மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. இடக்கைக்காரர்களுக்கும் வசதி. பம்பையும் போல்ட்டையும் இணைக்கும் தண்டு இரண்டு, அதனால் கோணலாக இழுத்தாலும் மாட்டாது. 1897ல் அந்தத் தண்டு ஒன்றுதான். மூன்று அங்குலத் தோட்டாவும் போடலாம். 590ஏ1 என்ற தடித்த குழல் வகை அமெரிக்க ராணுவத்தின் கடுமையான சோதனையில் தேறியது.

ரெமிங்டன் 870, 1950லிருந்து வருகிறது. உலோக உடல் இரும்பு, பம்ப் வழவழவென்று ஓடும், உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். 2020ல் பழைய நிறுவனம் திவாலாகி, துப்பாக்கித் தொழில் புதிய நிறுவனத்தின் கைக்குப் போனது. பயன்படுத்திய பழைய 870 நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பம்பே வேண்டாம், தானாக அடுத்த தோட்டா ஏற வேண்டும் என்றால் பெனெல்லி எம்4, பெரெட்டா 1301. முதலாவதை அமெரிக்க மரைன் படை 1999ல் எம்1014 என்ற பெயரில் தேர்ந்தெடுத்தது. விலை மாஸ்பெர்க்கைப் போலப் பல மடங்கு. சில மாநிலங்களில் செமி ஆட்டோ சாட்கன்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒரு நடுவழியும் இருக்கிறது. மாஸ்பெர்க்கின் ரெட்ரோகிரேட் வரிசையில் 590ஏ1 வால்நட் கட்டை, துளைக் கவசம், பயனெட் கொக்கியோடு வருகிறது. வெளியே பழைய தோற்றம், உள்ளே இன்றைய இயந்திரம், இன்றைய சேஃப்டி. அந்தத் தோற்றம்தான் உங்களை இழுக்கிறது, உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை என்றால், தேடல் இங்கேயே முடிந்துவிடலாம். இயந்திரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது திருப்தி தராது. அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

5. அசலா, நகலா

ராணுவ முத்திரையோடு கூடிய அசல் ட்ரெஞ்ச் கன் இன்று பல ஆயிரம் டாலர். அந்த விலை காரணமாகவே போலி அதிகம். சாதாரண வேட்டை 1897ஐ எடுத்துக் குழலை வெட்டி, கவசம் மாட்டி, ராணுவத் துப்பாக்கி என்று விற்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்துக் கவசத்தில் துளை வரிசைகள் ஆறு. 1942க்குப் பிறகு நான்கு வரிசையாகக் குறைத்தார்கள். துப்பாக்கியின் வரிசை எண் காட்டும் காலத்துக்கும் கவசத்துக்கும் பொருத்தம் இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். நூலறிவு மட்டும் வைத்துக்கொண்டு அசல் வாங்கப் போகாதீர்கள். சேகரிப்பாளர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

நகலின் நன்மையே இங்கேதான் இருக்கிறது. நூறு வருட வரலாற்றுப் பொருளில் கீறல் விழுமே என்ற பயம் இல்லாமல் மழையில் எடுத்துப்போய்ச் சுடலாம். அறை 2¾ அங்குலம் என்பது நிச்சயம்; பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அறை அதைவிடக் குட்டை என்பதால் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) அளந்து பார்க்காமல் சுடக் கூடாது. நகலின் குறை வேலைப்பாட்டில். உள்ளே பிசிறுகள் இருக்கும், பம்ப் கரடுமுரடாக ஓடும், ஒன்று போல ஒன்று இருக்காது. அசல் வின்செஸ்டர் பாகங்கள் அப்படியே உள்ளே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரத்தால் ராவிப் பொருத்த வேண்டி வரும். அதற்குக் கன்ஸ்மித் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை புது 590ஐத் தாண்டினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

6. கடையில் சோதிப்பது

குழல் பாதுகாப்பான திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே, அறையும் மேகசினும் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்.

ஹேமரைப் பாதி நிலையில் வைத்து ட்ரிகரை அழுத்துங்கள். விழக் கூடாது. கட்டைவிரலால் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுங்கள். அப்போதும் விழக் கூடாது. பாதி நிலையில் பம்ப் பூட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை குறைப்பதாகச் சொன்னாலும் வேண்டாம்.

அப்புறம் ஹேமரை முழுதாக இழுத்து, பம்ப் அசையாமல் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டை விடுவிக்கும் பொத்தான் வலப்பக்கம் இருக்கிறது. போலித் தோட்டாக்கள் நாலைந்து போட்டு, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். வெளியேறாமல் மாட்டுவதும், ஒன்றுக்குப் பதில் இரண்டு கேரியரில் வருவதும் இந்த நகல்களில் நடக்கும். மரக் கட்டை உலோகத்தைத் தொடும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குழலின் உள்ளே நோக்கும்போது வளையம் போல் நிழல் தெரிந்தால் அது வீக்கம். கவசத் திருகுகளை அசைத்துப் பாருங்கள். இறக்குமதியாளர் பெயர் சுரண்டப்பட்டிருந்தால், அதை யாரோ எப்போதோ அசல் என்று விற்க முயன்றிருக்கிறார்கள், தொட வேண்டாம்.

7. தோட்டா

நகலில் 2¾ அங்குலம் மட்டும். மூன்று அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும், போல்ட்டும் மூடிவிடும். அதுதான் ஆபத்து. தோட்டாவின் நீளம் சுட்ட பிறகு விரிந்த உறையின் நீளத்தைக் குறிக்கிறது. மடிந்த வாய் விரிய இடம் இல்லாவிட்டால் அழுத்தம் எகிறும். நவீனத் துப்பாக்கியும் நகலும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களை வேறு வேறு பெட்டியில், வேறு வேறு அலமாரியில் வையுங்கள்.

பயிற்சிக்கு லேசான பேர்ட்ஷாட் (பொடிக் குண்டுகள் நிறைந்த தோட்டா) போதும். 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) பக்ஷாட்டின் (பெரிய குண்டுகள் உள்ள தோட்டாவின்) உதைப்பு புதியவரைச் சீக்கிரம் பயமுறுத்திவிடும். வீட்டுப் பாதுகாப்புக்கு 00 பக்ஷாட் என்றால் வழக்கமாக ஒன்பது சன்னங்கள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவரை அவை வெண்ணெய் போலத் துளைத்துப் போகும். அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்பதை யோசித்து, சுடக் கூடாத திசைகளை முன்பே முடிவு செய்து வையுங்கள். உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய அதிகபட்ச தூரத்தில் காகிதத்தில் சுட்டு, சன்னங்கள் எவ்வளவு பரவுகின்றன என்று பாருங்கள். சோக் இல்லாத குழலில் சாதாரண பக்ஷாட் ஒரு கஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கணக்கு. இன்றைய சில தோட்டாக்கள் அதைவிட இறுக்கமாகப் போகின்றன.

8. வாங்கிய பிறகு

நகலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுடப் போகாதீர்கள். கிடங்கில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டியான கிரீஸ் உள்ளே இருக்கும். கரைப்பானால் முழுக்கத் துடைத்து, மெல்லிய எண்ணெய் போடுங்கள். ஒரு வாரம் போலித் தோட்டாவோடு மட்டும் பழகுங்கள்: ஏற்றுவது, பாதி நிலைக்கு இறக்குவது, காலி செய்வது. அறையில் தோட்டா ஏற்றிய நிலையில் வீட்டில் வைக்க வேண்டாம். பூட்டிய பெட்டியில் காலியாக இருக்கட்டும், தோட்டா தனியாகப் பூட்டில் இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு மாற்றே கிடையாது; பல மாநிலங்களில் இது சட்டமும்கூட.

முதல் நாள் சுடுதளத்தில், 1897ஐ ஏற்கெனவே கையாண்ட ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மேகசினை நிரப்பாதீர்கள். முதலில் ஒரே ஒரு தோட்டா. சரியாகச் சுட்டு, சரியாக வெளியேறினால் இன்னும் சிலமுறை அப்படியே. பிறகு இரண்டு போட்டு, முதல் தோட்டா சுட்டதும் நிறுத்தி, ஹேமர் எந்த நிலையில் இருக்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைச் சுடுங்கள். ஸ்லாம்ஃபயர் ஆசையை அன்றைக்குத் தள்ளிவையுங்கள். பல சுடுதளங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. ஒரு பெட்டி முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து, கவசத் திருகுகளையும் கட்டையின் திருகையும் தொட்டுப் பாருங்கள். உதைப்பில் அவை தளர்ந்திருக்கும், இறுக்கிவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கலாம்.